சிஆன் நிகழ்வும் மறக்கப்பட்ட யாங் ஹூசெங்கும்

1936 டிசம்பர் 12 அன்று சீனாவின் சிஆன் நகரில், அந்நாட்டின் தேசியவாத அரசின் தலைவர் சியாங் காய்-ஷேக் தம் படைத்தளபதிகளாலேயே சிறைபிடிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுகிறவர்கள், "இளம் மார்ஷல்" சாங் சுவேலியாங்கின் பெயரோடு நிறுத்திக்கொள்வது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருக்கிறது. அன்று அவருக்குத் துணைநின்றவர் மட்டுமல்ல, சமபங்கு ஏற்றவர் இன்னொரு தளபதியான யாங் ஹூசெங்.

உள்நாட்டில் கம்யூனிஸ்டுகளோடு போரிடுவதை விட்டு ஜப்பானை எதிர்க்க வேண்டும் என்பதே இருவரின் கோரிக்கை. சாங்கின் வீரர்கள் விடியலுக்கு முன் ஹுவாச்சிங் வெந்நீர் ஊற்று மாளிகைக்குள் புகுந்தபோது, சியாங் பொய்ப்பல்லைக்கூட எடுத்துக்கொள்ளாமல் பின்சுவர் ஏறிக் குதித்து, முதுகில் அடிபட்டு, மலைச்சரிவில் ஒளிந்திருந்து பிடிபட்டார். அதே வேளையில் சிஆன் நகருக்குள் காவல் படையின் ஆயுதங்களைப் பறித்து, தலைநகர் நான்ஜிங்கிலிருந்து வந்திருந்த அதிகாரிகளை வளைத்தவர்கள் யாங்கின் வீரர்கள். நகரம் கைக்குள் வராமல் போயிருந்தால் மாளிகையில் நடந்தது சில மணி நேரமும் நிலைத்திருக்காது.

சியாங்கை எப்படி விடுவிப்பது என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். எழுத்துமூலமான உறுதி இல்லாமல் அவரை அனுப்புவது தற்கொலைக்குச் சமம் என்று யாங் கருதினார்; சாங்கோ டிசம்பர் 25 அன்று சியாங்கை விடுவித்ததோடு, தாமும் அதே பயணத்தில் நான்ஜிங் சென்றார். அது பெருந்தன்மை என்று இன்றும் புகழப்படுகிறது. பின்விளைவைச் சுமக்கப்போகிறவர்களைக் கலந்துகொள்ளாத அந்தப் பெருந்தன்மையை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை.

சாங் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காவலில் இருந்தார். அது கொடுமை, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அவர் உயிரோடு இருந்தார், 2001-இல் ஹவாயில் நூறு வயதில் இறந்தார். யாங் 1937-இல் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டார். ஜப்பானோடு போர் மூண்டதும் போரிடுவதற்காகவே தாயகம் திரும்பியவரை, களத்துக்கு விடாமல் சிறைக்கு அனுப்பினார்கள். அவருடைய மனைவி சியே பாவோசென் சிறையிலேயே இறந்தார். 1949 செப்டம்பரில், சோங்சிங் நகரம் சியாங் அரசின் கைவிட்டுக் கம்யூனிஸ்டுகளிடம் போகும் நிலையில், யாங்கையும் அவருடைய மகனையும் சிறுமியான மகளையும் கொன்றார்கள். துப்பாக்கிச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று கத்தியையே பயன்படுத்தினார்கள். அவருடைய செயலாளர் சோங் சியுன், அவர் மனைவி, கைக்குழந்தையாகச் சிறைக்குள் வந்து அங்கேயே வளர்ந்த எட்டு வயது மகன் ஆகியோரும் அன்று தப்பவில்லை. சத்தான உணவின்றி உடல் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்ததால், கைதிகள் அந்தச் சிறுவனை "முள்ளங்கித் தலையன்" என்று செல்லமாக அழைத்தார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குற்றத்தின் அளவு அல்ல என்றே நினைக்கிறேன். சாங், மஞ்சூரியாவை ஆண்ட சாங் சோலினின் மகன். சியாங்கின் மனைவி சோங் மேலிங்கின் பரிவு அவருக்கு இருந்தது. சிஆன் அமைந்துள்ள ஷான்சி மாகாணத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1926-இல் பல மாத முற்றுகையிலும் சிஆனைக் கைவிடாமல் காத்த யாங்குக்கோ நான்ஜிங்கில் பரிந்து பேச ஒருவரும் இல்லை.