நோட்டீஸ் கொடுக்காமல் போனவள் என்று சொல்கிறவர்களுக்கு

ஆமாம், நோட்டீஸ் கொடுக்காமல்தான் வந்தேன். 2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் லேப் முடித்து, ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டு, நடத்தி முடித்த இரண்டு யூனிட்டுக்கும் இன்டர்னல் மார்க் ஏற்றிவிட்டு, சாயங்காலம் காலேஜ் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பஸ்ஸுக்குப் போகவில்லை. ராஜினாமாக் கடிதத்தை மெயிலில் அனுப்பினேன், அதையே பதிவுத் தபாலிலும் போட்டேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, ஆறு வருஷம் உதவிப் பேராசிரியராக இருந்த இடம், இரண்டு வரிக் கடிதத்தோடு முடிந்தது.

அன்றிலிருந்து கேட்காத பேச்சில்லை. நன்றி கெட்டவள், பொறுப்பில்லாதவள், பிள்ளைகளை நட்டாற்றில் விட்டவள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தூரத்து மாமா ஒருவர், "என்ன இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே கண்ணு" என்கிறார். அவரிடம் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சொல்லாமல் இருந்தேன் என்று யார் சொன்னது? மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் எழுதிக் கொடுத்தேன். 2023 நவம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய நிலைமையில் முதல் கடிதம். "செமஸ்டர் நடுவுல யாரையும் ரிலீவ் பண்றதில்ல மேடம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்லயே இருக்கு பாருங்க" என்றார்கள். சரி, நியாயம்தான், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். ஏப்ரலில் வகுப்பெல்லாம் முடிந்ததும் இரண்டாவது கடிதம். "அட்மிஷன் சமயத்துல போறேன்னா மேனேஜ்மென்ட் என்ன நினைப்பாங்க?" அட்மிஷனுக்கும் ஓடினேன். ஜூலையில் மூன்றாவது. "அடுத்த செமஸ்டருக்கு டைம்டேபிள் போட்டாச்சே மேடம், இன்ஸ்பெக்‌ஷன் வேற வரும்." செமஸ்டர், அட்மிஷன், இன்ஸ்பெக்‌ஷன், மறுபடி செமஸ்டர். வருஷத்தில் ஒரு நாளாவது வெளியே போகலாம் என்று இருக்கிறதா என்று துறைத் தலைவரான ஹெச்ஓடியிடம் நேராகவே கேட்டேன். அவர் பாவம், குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சர்டிபிகேட்டும் அதே பீரோவில்தான் இருக்கிறது.

ஆமாம், சர்டிபிகேட். வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ மார்க் ஷீட், பி.இ., எம்.இ. பட்டம் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெரிஃபிகேஷன் என்பார்கள். ஆறு வருஷமாக என்ன வெரிஃபிகேஷன்? பதிலுக்கு ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள், அதில் சீல்கூட இருக்காது. வேறு வேலைக்குப் போனால் ஒரிஜினல் கேட்பார்கள், பேங்கில் கடன் கேட்டால் கேட்கலாம், அரசு வேலைக்கான டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறினால் சரிபார்ப்புக்குக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் போய்க் கைகட்டி நின்று, எதற்கு என்று எழுதிக் கொடுத்து, சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு, சில சமயம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையும் வைத்துவிட்டு வாங்கிப் போக வேண்டும். என் படிப்பு, என் அப்பா தறி ஓட்டிப் படிக்க வைத்த படிப்பு, அடகுக் கடை நகை மாதிரி அவர்கள் பீரோவில் கிடக்கும். கடன் வாங்காமலே அடகு.

ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்று கேட்டால் விஷயம் புரியும். பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ கணக்குப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். அங்கீகாரத்துக்கு ஆய்வுக் குழு வரும்போது ஆள் காட்ட வேண்டும், தகுதி காட்ட வேண்டும். ஆள் எடுத்துச் சம்பளம் கொடுப்பதைவிட இருக்கிற ஆளைப் போக விடாமல் வைப்பது மலிவு. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்கிற ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருப்பதை வெளியில் கொண்டுவந்ததே, 353 பேர் என்று பட்டியல் போட்டார்களே, ஊரே ஆச்சரியப்பட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கள் துறையில் மட்டும் மூன்று இடம் ஒரு வருஷத்துக்கு மேலாகக் காலி. அந்த மூன்று பேருடைய வகுப்பையும் நாங்கள்தான் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

சம்பளம் எவ்வளவு தெரியுமா? ஏஐசிடிஇயின் 2019 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நான் ஆறாவது வருஷத்தில் வாங்கியது 26,000. அதுவும் ஒன்றாம் தேதி வராது, இருபதாம் தேதிக்கு மேல்தான், சில மாதம் அடுத்த மாதத்துக்குத் தாவும். கொரோனா சமயத்தில் பாதி. ஏப்ரல், மே வெயிலில் ப்ளஸ் டூ பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியலைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்புவார்கள். ஆளுக்கு ஐந்து அட்மிஷன், இல்லாவிட்டால் மே மாதச் சம்பளம் நிற்கும். எம்.இ. படித்துவிட்டு ராசிபுரம் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்க பொண்ண எங்க காலேஜ்ல சேருங்க, ஃபீஸ்ல குறைச்சுத் தரச் சொல்றேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு இதுக்குக் கமிஷன் எவ்வளவுங்க?" என்று கேட்டார். என்னைத் தரகர் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை உடைத்தது வேறு.

2024 ஆகஸ்டில், கவுன்சிலிங்கில் மெக்கானிக்கல் துறைக்கு ஆள் சேரவில்லை என்று தெரிந்ததும், ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் துறையிலிருந்து மூன்று பேரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அதில் ஒருவர் அங்கே 11 வருஷம் இருந்தவர். நான் சேர்ந்த புதிதில் லெசன் பிளான் எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்த சார் அவர். நாலரைக்கு வெளியே வந்தார்கள். "நாளையிலிருந்து வரவேண்டாம்னுட்டாங்கம்மா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் அவர் மேஜையில் டிபன் பாக்ஸும் மூக்குக்கண்ணாடிக் கூடும் அப்படியே இருந்தன. பியூன்தான் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

11 வருஷத்துக்கு ஒன்றரை மணி நேர நோட்டீஸ்!

வீட்டுக்கு வந்து என் ஆர்டரை எடுத்துப் படித்தேன். ஆசிரியர் விலக விரும்பினால் மூன்று மாத முன்னறிவிப்பு அல்லது மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும், செமஸ்டர் நடுவில் விடுவிக்கப்பட மாட்டார். அடுத்த வரியிலேயே, நிர்வாகம் எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் பணியிலிருந்து நீக்கலாம். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே கையெழுத்துக்கு மேலே. அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 25 வயதில், வேலை கிடைத்த சந்தோஷத்தில், பேனாவை இரவல் வாங்கிப் போட்ட கையெழுத்து.

மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை, அந்த சாருக்கு நடந்ததையும் பார்த்தாயிற்று, அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க அம்மா ஒருத்தியால் முடியவில்லை, கோயம்புத்தூரில் கிடைத்த வேலையில் செப்டம்பர் 16ஆம் தேதிக்குள் வந்து சேரச் சொன்னார்கள். இதில் நான் யாரிடம் போய் இன்னொரு தடவை அனுமதி கேட்க வேண்டும்? முன்னறிவிப்பு என்பது இரண்டு பக்கமும் இருக்கிற மரியாதை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்கு வலிக்கிறது. 58 பேர் அந்த வகுப்பில். எனக்குப் பிறகு அந்த வகுப்பு போனது ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தோழியின் தலையில். அவளிடம் மட்டும் முந்தின நாள் ராத்திரி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீ போடி, ஒருத்தியாவது போ" என்றாள். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறியதற்கு நான் காரணம் என்றால், ஒரு வருஷமாகக் காலியாக இருக்கிற மூன்று இடத்தை நிரப்பாதவர்கள் யார்? பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்கியது நானா?

வந்த பிறகு போன். முதலில் ஹெச்ஓடி, அப்புறம் ஏஓ, அதாவது நிர்வாக அலுவலர். "மூணு மாசச் சம்பளம் 78,000 கட்டிட்டு ஒரிஜினல வாங்கிக்குங்க. இல்லேன்னா எந்தக் காலேஜ்லயும் உங்களுக்கு வேலை கிடைக்காது." அவர்கள் எனக்கு ஆகஸ்ட் சம்பளமே தரவில்லை. இதைச் சொன்னால், அதெல்லாம் செட்டில்மென்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தொழிலாளர் நீதிமன்றம் போகலாமே என்றால் அதற்கும் வழி இருக்கவில்லை. ஆசிரியர் அப்போது அமலில் இருந்த தொழில் தகராறு சட்டத்தில் வருகிற 'தொழிலாளி' இல்லை என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பளத்துக்குக் கூலி ஆள், சட்டத்துக்குப் பேராசிரியர். சேலத்தில் வக்கீலாக இருக்கிற பெரியம்மா மகன்தான் உதவினான். நோட்டீஸ் கொடுக்காததற்கு அவர்களுக்கு நஷ்டம் என்றால் அதைக் கோர்ட்டில் நிரூபித்து நியாயமான தொகை கேட்கலாம், அதற்குமேல் ஒருத்தரைப் பிடித்து வைத்து வேலை வாங்க எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது என்றான். கல்விச் சான்றிதழ் விற்கக்கூடிய சரக்கு இல்லை, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் குறிப்பிட்டு ஒரே பக்கத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினான். ஒன்பதாவது நாள் போன் வந்தது, "வந்து வாங்கிக்குங்க மேடம்." பத்து மாதமாக மூன்று கடிதத்துக்கு வராத பதில், ஒரு வக்கீல் லெட்டர்ஹெட்டுக்கு ஒன்பது நாளில் வருகிறது.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் தம்பி பீரோவைத் திறந்தான். உள்ளே வரிசையாக பிளாஸ்டிக் கவர்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதின ஸ்டிக்கர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனவர்களின் பெயர்கூட இருந்தது. அவர்களும் என்னை மாதிரி போனவர்களாகத்தான் இருக்கும், திரும்ப வந்து கேட்கத் தெம்பில்லாதவர்கள். என் கவரைப் பிரித்தால், எம்.இ. பட்டத்தின் ஓரத்தில், பல்கலைக்கழக முத்திரைக்கு ஒரு விரல் தள்ளி, ஃபைலில் கோக்க பஞ்ச் பண்ணின இரண்டு ஓட்டை. பட்டத்தில் ஓட்டை போட்டிருக்கிறார்கள்! அதை வாங்கின அன்றைக்கு அப்பா கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். பார்த்துக்கொண்டே நின்றேன், பேச்சு வரவில்லை.

தம்பி ஒரு தாளை நீட்டினான். "நிர்வாகத்திடமிருந்து எனக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று டைப் அடித்து வைத்திருந்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, "சான்றிதழ்கள் மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான், வந்தான், மறுபடி போனான். அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். அந்த அறையில் நாற்காலி நாலு காலியாக இருந்தது, உட்காருங்கள் என்று ஒருத்தர் சொல்லவில்லை. ஆறு வருஷம், அதே அறையில் அவர்கள் பிள்ளைகளின் அட்மிஷன் ஃபாரத்தை நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பிஎஃப் கணக்கில் நான் விலகின தேதியை அவர்கள் ஏற்றவே இல்லை. இரண்டு மாதம் கழிந்ததும் ஆதார் ஓடிபி வைத்து நானே போர்ட்டலில் ஏற்றிக்கொண்டேன், 2020லிருந்தே அந்த வசதி இருக்கிறது. பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, மட்டும் விடுவதாக இல்லை. ஐந்து வருஷம் தாண்டினால் உண்டு, 2009 திருத்தத்துக்குப் பிறகு ஆசிரியர்களுக்கும் உண்டு, அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. நோட்டீஸ் கொடுக்காமல் போனவருக்குக் கிடையாது என்று நான் விலகினபோது அமலில் இருந்த 1972ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. என் சம்பளத்தில் அடிப்படையும் படியும் சேர்த்து 13,000 என்று காட்டியிருந்தார்கள், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 7,500, ஆறு வருஷத்துக்கு 45,000. "சொல்லாம போனவங்களுக்கு கிராஜுவிட்டி எல்லாம் கிடையாது" என்று போனில் சொன்னார் ஏஓ. அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். வைத்துவிட்டார்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டை அவர்கள் சீலோடு திரும்பி வந்தது. 30 நாளில் தர வேண்டும், தரவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன், முதல் வாய்தாவுக்கு அவர்கள் பக்கம் யாரும் வரவில்லை. நான் லீவு போட்டுவிட்டு, காலை ஐந்தரை பஸ் பிடித்துப் போய் நின்றேன். அடுத்த வாய்தாவுக்கும் போவேன். அந்த மெக்கானிக்கல் சாரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருக்கு 11 வருஷம் பாக்கி இருக்கிறது.