எதிர்ப்பு சக்தியைக் கூட்டி என்ன செய்யப் போகிறீர்கள்?

"நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று எழுதிய டப்பாவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. காய்ச்சல், உடம்பு வலி, அடித்துப் போட்ட மாதிரி அசதி, இதிலெல்லாம் பெரும்பங்கு வைரஸ் நேரடியாகச் செய்வதே இல்லை, நம் செல்கள் செய்வது. சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அதனால்தான் இந்த நீளப் பதிவு.

ஒரே ஒரு நுரையீரல் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸ் உள்ளே புகுந்து தன் மரபுச் செய்தியான ஆர்என்ஏவைப் பிரதி எடுக்க ஆரம்பிக்கிறது. அந்த ஆர்என்ஏவின் ஒரு நுனியில் மூன்று பாஸ்பேட்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்லே தயாரிக்கும் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் ஆர்என்ஏ) என்றால் அந்த நுனிக்கு ஒரு மூடி இருக்கும். ரிக்-ஐ என்று ஒரு புரதம், மூடியில்லாத நுனி தட்டுப்பட்டதுமே இது நம்ம சரக்கு இல்லை என்று கண்டுபிடித்து, மைட்டோகாண்ட்ரியா மேல் இருக்கும் மாவ்ஸ் என்ற இன்னொரு புரதத்திடம் போட்டுக்கொடுக்கிறது. (ஆற்றல் தயாரிக்கும் இடத்துக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் வியப்புதான்.) அங்கிருந்து செய்தி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்க வைத்து, பக்கத்துச் செல்களை உஷார்படுத்துகிறது.

இன்னொன்றுதான் அழற்சிக்கான, அதாவது வீக்கத்துக்கான, வழி. என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை, சும்மா இருக்கும் நேரத்தில் ஐ-கப்பா-பி என்கிற வேறொரு புரதம் உட்கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் பிடித்திருப்பது சிதைக்கப்படுகிறது, விடுபட்டது உள்ளே ஓடி ஐஎல்-6, ஐஎல்-8, டிஎன்எஃப் என்ற அழற்சிச் செய்திப் புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஐஎல்-8 ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை வரவழைக்கும், ஐஎல்-6 காய்ச்சலைக் கிளப்பும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: என்எஃப்-கப்பா-பி முடுக்கிவிடும் மரபணுக்களில் ஐ-கப்பா-பியின் மரபணுவும் ஒன்று! தன்னைக் கட்டிப்போடும் கயிற்றைத் தானே திரித்துக்கொடுக்கிறது, சாதாரண சளி சில நாளில் அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எங்கே சொதப்புகிறது? இன்ஃப்ளூயன்சாவிடம் என்எஸ்1 என்று ஒரு புரதம் இருக்கிறது, அது இன்டர்ஃபெரான் வழியை அமுக்குகிறது. இன்டர்ஃபெரான் தாமதமானால் வைரஸ் பெருகும், பெருகப் பெருக அபாயச் செய்தி ஓயாது, கயிறு திரிக்கத் திரிக்க அறுந்துகொண்டே இருக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் காற்றறையின் சுவரோ பல இடங்களில் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாதது. அழற்சியில் அது கசிந்து காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிற்கிறது.

2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு ஞாபகம் இருக்கிறதா? டெக்ஸாமெத்தசோன் என்கிற பழைய, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அது செய்வது இந்த அழற்சி மரபணுக்களை அடக்குவதுதான், அதாவது எதிர்ப்பு சக்தியைக் குறைப்பது! ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் எதுவும் தெரியவில்லை. முதல் நாள் காய்ச்சலுக்கே தானாக ஸ்டீராய்டு விழுங்குகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். அப்புறம், அதே ஆண்டில் தெரியவந்த இன்னொன்று: உயிருக்கே ஆபத்தாகும் அளவு கடுமையான கோவிட் வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேரின் ரத்தத்தில் தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) இருந்தன. இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி கூடுதலா, குறைவா? நீங்களே சொல்லுங்கள்.

டப்பாக்காரர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான், கூட்டுவது இன்டர்ஃபெரானையா, ஐஎல்-6ஐயா? நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், எழுதவில்லை.