மனிதருக்கு நன்றி சொன்னால் தேவ மகிமை குறைந்துவிடுமா?

ஞாயிறு ஆராதனையில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். எந்தச் சபை, யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு அக்கா, 2017-ல் மலேசியாவின் பினாங்கில் வந்த வெள்ளத்தில் தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மலாய்ப் பையன்களைப் பற்றிச் சாட்சி சொல்லிவிட்டு இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் சபை மூப்பர் மைக்கை வாங்கி, “மனுஷனுக்கு மகிமை கொடுக்க வேண்டாம், கர்த்தர் மட்டுமே காப்பாற்றினார்” என்று திருத்தினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நன்றி சொல்வது மகிமையைத் திருடுவது ஆகாது.

அந்த நவம்பர் 4 ராத்திரி பினாங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சூறைக்காற்றில் மரங்கள் சாய்ந்து, ஆறு பொங்கி, விடிவதற்குள் ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. எங்கள் வீட்டில் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர், கரண்ட் இல்லை. மூட்டுவலிக்கார அம்மாவை மேசைமேல் உட்கார வைத்திருந்தோம். சந்தையில் மீன் விற்கும் பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டிகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மாவின் இன்சுலினைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பல்லில் கடித்துக்கொண்டார், அம்மாவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. அவர் வீட்டுச் சாமி மேடை அப்போது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

“தேவன்தான் பிரதர் அவரைப் பயன்படுத்தினார்” என்பீர்கள். சரி, நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அவர் மாடியிலேயே இருந்திருக்கலாம். இருட்டில், மார்பளவு தண்ணீரில் இறங்கும்போது அவருக்கும் உயிர்பயம் இருந்திருக்கும். அந்தத் துணிச்சல் அவருடையது. அதை அவரிடமிருந்து பிடுங்கித்தான் தேவனுக்குக் கொடுக்க வேண்டுமா?

வேதத்தைப் பாருங்கள். புயலில் கப்பல் உடைந்து பவுலோடு சேர்த்து 276 பேர் மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் கரையேறினார்கள். மழையிலும் குளிரிலும் அவர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்தப் பயணத்தை எழுதின லூக்கா அந்த அன்பை மறைக்காமல் எழுதி வைத்தார். எரேமியா தீர்க்கதரிசியைக் குழியிலிருந்து தூக்கிய எத்தியோப்பியன் எபெத்மெலேக்கையும் மறக்க முடியாது. கயிறு அறுக்காமலிருக்க எரேமியாவின் அக்குளுக்கு அவன் பழந்துணி கொடுத்தது வரைக்கும் வேதத்தில் இருக்கிறது. எழுதினவர்களை யார் திருத்தினார்கள்?

சபை விஷயத்தை முகநூலில் பேசலாமா என்பவர்களுக்கு: மைக்கில், எல்லார் முன்னாலும் நடந்ததைத்தான் பேசுகிறேன். இப்படிப் பேசுவதால் என்னை லிபரல், அதாவது வேதத்தைத் தளர்த்துகிறவன், என்று சொன்ன தம்பிக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

அந்த வெள்ளத்தில் பினாங்கில் 7 பேர் செத்தார்கள். “கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்” என்று நாம் கைதட்டும்போது, அவர்கள் வீட்டார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்று இயேசுவே சொன்னார். இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம்! தண்ணீர் வடிந்ததும் எல்லாம் மறந்துபோகிறது. அம்மாவைச் சுமந்தவரை ஒரு தடவையாவது சபைக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோமா? இல்லை. அவர் வேறு சாமி கும்பிடுகிறவராம்.

வருஷக் கடைசி நன்றி ஆராதனைக்கு அவரையும் அந்த மலாய்ப் பையன்களையும் அழைக்கலாமா என்று கமிட்டியில் கேட்டேன். “பார்க்கலாம்” என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்.