எல்லா டூலையும் காசு குடுத்து வாங்க முடியுமா சார்?

வீட்ல செஞ்ச டூலை தொடவே கூடாதுன்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, பாதிதான் சரி. பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் 18 வருஷமா வண்டி வேலை பாக்குறேன். புகைக்குழாய்ல மாட்டியிருக்குற ஆக்சிஜன் சென்சார் கழட்டணும்னா நட்டு கழட்டுற சாதாரண சாக்கெட் உக்காராது, ஒயர் நடுவுல நிக்கும், அதனால எஸ்.பி. ரோட்ல பழைய 22 எம்எம் டீப் சாக்கெட் ஒண்ணு வாங்கி கிரைண்டர்ல கட்டிங் வீல் போட்டு பக்கவாட்டுல நீளமா ஒரு வழி வெட்டி விட்டேன், ஒயர் அது வழியா வெளிய வந்துரும். அவசரப்பட்டு வெட்டுனா இரும்பு சூடேறி நீலமாயிரும், டெம்பர், அதாவது இரும்போட உறுதி, போச்சுன்னா இழுக்கும்போது வாய் விரிஞ்சுக்கும், என் முதல் சாக்கெட் அப்படித்தான் குப்பைக்குப் போச்சு. ரெண்டாவதை கொஞ்சம் வெட்டுறது தண்ணில முக்குறதுன்னு முக்கால் மணி நேரம், வாங்கி வெச்ச டீ ஆடை கட்டிருச்சு.

பிரேக் பேடு மாத்தும்போது பிஸ்டனை உள்ள தள்ள தச்சு வேலை சி கிளாம்ப்பும் பழைய பேடும் போதும். ஆனா ஹேண்ட்பிரேக் காலிப்பர்லயே (பேடை டிஸ்க் மேல அமுக்குற பாகம்) சேர்ந்து வர்ற பின் டிஸ்க்ல நிறைய வண்டிக்கு பிஸ்டனை திருகித்தான் உள்ள விடணும், அமுக்குனா காலிப்பர் காலி.

சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்ப்ரெசர் மட்டும் நீங்க சொன்னதுதான், வீட்ல செஞ்சதை தொடவே கூடாது. திரெட் ராடு (மரை போட்ட கம்பி) வெச்சு ஒரு பையன் செஞ்சு கொண்டுவந்தான், நானே புடுங்கி ஓரமா போட்டுட்டேன். ஹாலோ பிளாக் மேல வண்டிய நிறுத்தி அடியில படுக்குறவங்களையும் ரெண்டு வரி திட்டியிருக்கலாம், அது விரிசல் காட்டாமயே பொலபொலன்னு நொறுங்கும்.