சுற்ற மறுக்கும் ஸ்டிர்லிங் இன்ஜின்

உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி ஓட்டுகிற ஸ்டிர்லிங் இன்ஜினைச் செய்வதைவிட, அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் உயிரை வாங்குகிறது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஃப்ளைவீலைத் தட்டிவிட்டால், நாலு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. காற்று கசிந்தாலும் இப்படித்தான், உராய்வு இருந்தாலும் இப்படித்தான். எதையென்று பார்ப்பது? கசிவு இல்லையென்றால், சிலிண்டரின் அடித்துளையை விரலால் அடைத்ததும் பிஸ்டன் மெதுவாகத்தான் இறங்க வேண்டும். சரி, அப்படித்தான் இறங்குகிறது. காற்றைச் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றித் தள்ளும் டிஸ்பிளேசரும் பிஸ்டனுக்கு 90 டிகிரி, அதாவது கால் சுற்று, முன்னால்தான் போகிறது. கடைசியில் பேரிங்! கடையில் கிடைப்பதெல்லாம் இரண்டு பக்கமும் ரப்பர் சீல், உள்ளே கிரீஸ் அப்பியவை. விளக்குச் சூட்டில் ஓடும் இன்ஜினை நிறுத்த அந்தப் பிடிப்பே போதும். குண்டூசியால் சீலை நெம்பி, பெட்ரோலில் கழுவி (விளக்கை அணைத்துவிட்டுத்தான்), ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. சீல் இல்லாத சின்ன பேரிங்கை ஒரு கடையாவது வாங்கி வைக்கக் கூடாதா?