காசுள்ளவனுக்குக் குற்றம் ஒரு செலவுக் கணக்கு

ஒன்லைன் விண்வெளி விளையாட்டுகளில் கொலையும் கொள்ளையும் கடத்தலும் இருக்கத்தான் வேண்டும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் "தோற்றுப்போய் வந்து அழுகிறார்" என்று கீழே நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். கொள்ளைக்காரன் இல்லாத வானத்தில் சரக்கு ஏற்றி இறக்க எனக்கும் விருப்பமில்லை. அதற்குக் கொழும்புத் துறைமுகத்திலேயே வேலை இருக்கிறது. எனக்குப் பொறுக்காதது, குற்றம் செய்தவனுக்கு இந்த விளையாட்டுகள் கொடுக்கும் தண்டனையின் லட்சணம்தான்.

ஈவ் ஒன்லைனில் தொடங்குவோம். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்டது. அங்கே ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை உயர் பாதுகாப்பு. அதற்குக் கீழே போகப் போக அவரவர் பாடு. உயர் பாதுகாப்பு மண்டலங்களைக் கொன்கோர்ட் என்ற பொலிஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பொலிஸ் உங்களைக் காப்பாற்ற வராது, உங்களைச் சுட்டவனை அழிக்கத்தான் வரும். 1.0 மண்டலத்தில் சுமார் 6 வினாடியில் வரும், 0.5 என்றால் சுமார் 19 வினாடி. வந்துவிட்டால் தப்ப முடியாது. தப்புவதற்கு ஏதாவது குறுக்குவழி கண்டுபிடித்தால் அதை விளையாட்டு நிறுவனமே மோசடியாகக் கணக்கெடுத்து, உங்கள் கணக்கை முடக்கிவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? சரி, நடைமுறையைப் பார்ப்போம்.

யுவெடாமா என்று ஒரு மண்டலம். பாதுகாப்பு எண் 0.5. ஈவின் மிகப் பெரிய சந்தையான ஜிட்டாவுக்குப் போகும் பாதைகளில் ஒன்றில் இருக்கிறது. பட்டப்பகலில் (விண்வெளியில் ஏது பகல், விடுங்கள்) பெரிய சரக்குக் கப்பல் ஒன்று அதற்குள் வருகிறது. அந்த உடம்பைத் திருப்பி அடுத்த பாய்ச்சலுக்கு வேகம் எடுக்கவே அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஒருவன் ஏற்கெனவே ஸ்கேன் பண்ணி, உள்ளே என்ன இருக்கிறது, என்ன விலை போகும் என்று பார்த்துவிட்டான். ஸ்கேன் பண்ணுவது குற்றமல்ல. இன்னொருவன் கனமும் வேகமும் உள்ள கப்பலைக் கொண்டுவந்து பக்கவாட்டில் முட்டுகிறான். முட்டுவதும் குற்றமல்ல. சரக்குக் கப்பல் திசை கலைந்து, திரும்பி, மறுபடி முட்டு வாங்கி அங்கேயே தத்தளிக்கிறது. கொன்கோர்ட்டுக்கு இது எதுவும் கண்ணில் படாது. அப்புறம் கற்றலிஸ்ட் என்ற மலிவான சிறு போர்க்கப்பல்கள் கூட்டமாக வந்து இறங்கிச் சுடுகின்றன. பொலிஸ் வருவதற்குள் சரக்குக் கப்பல் முடிந்துவிடுகிறது. பொலிஸ் வந்து கற்றலிஸ்டுகளை ஒன்று விடாமல் பொடியாக்குகிறது. சட்டம் தன் கடமையைச் செய்தாயிற்று. அதற்குப் பிறகு வேறொருவன் சாவகாசமாக வந்து, சிதறிக் கிடப்பதை அள்ளுகிறான். அவனுக்குச் சந்தேக நபர் என்று மஞ்சள் அடையாளம், 15 நிமிடத்துக்கு. ஒரு நிலையத்துக்குள் போய் நின்று பிளேன்டீ குடித்தால் அது கழிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். கற்றலிஸ்ட் ஒன்றுக்குச் செலவு சில மில்லியன் ஐஸ்க் (ஈவின் பணம் அதுதான்). சரக்குக் கப்பலின் உடம்பு மட்டுமே ஒரு பில்லியனுக்கு மேல். உள்ளே இருப்பது தனி. அதில் ஏறக்குறைய பாதி அழிந்துபோகும், மீதி அள்ளுகிறவனுக்கு. பொலிஸ் அழிக்கப்போகும் கப்பல்களின் விலையைக் கொள்ளைக்காரர்கள் முதல் நாளே மூலதனத்தில் சேர்த்துவிடுகிறார்கள். கப்பல் விலை இவ்வளவு, சரக்கு அவ்வளவு, கழித்தால் லாபம் இவ்வளவு. தண்டனை அந்தக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இதைவிடக் கூத்து ஒன்று இருந்தது. 2011 கடைசி வரைக்கும், பொலிஸ் அழித்த கப்பலுக்கும் காப்புறுதிப் பணம் கிடைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் ஆளைக் கொன்று, அதற்காகப் பொலிஸ் உங்கள் வாகனத்தை நொறுக்க, காப்புறுதிக்காரர் உங்களுக்குக் காசோலை எழுதித் தருவார். விளையாட்டு வெளியாகி எட்டு வருடம் கழித்துத்தான் அதை நிறுத்தினார்கள்.

தலைக்கு விலை வைக்கும் ஏற்பாட்டுக்கும் அதே கதிதான். 2012 டிசம்பர் வரை, ஒருவன் தலைக்கு எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், அவனைக் கொன்றவருக்கு முழுத் தொகையும் போகும். குற்றவாளி என்ன செய்வான்? கூட்டாளியைக் கூப்பிட்டோ, தன்னுடைய இரண்டாவது கணக்கிலிருந்தோ தன்னையே சுட்டுக்கொண்டு அந்தப் பணத்தை எடுத்துவிடுவான். பறிகொடுத்தவர் வயிற்றெரிச்சலில் வைத்த காசு பறித்தவனுக்கே அன்பளிப்பு. பிறகு, அழிந்த கப்பலின் பெறுமதியில் ஒரு பங்கை மட்டும் கொடுப்பதாக மாற்றினார்கள். அடுத்த வருடமே இன்னொரு கதவைத் திறந்தார்கள்: குற்றம் செய்து கெட்டுப்போன தன் பாதுகாப்பு மதிப்பெண்ணைச் சந்தையில் விற்கும் பதக்கங்களை வாங்கிக் கொடுத்துச் சரிசெய்யலாம். காசு இருந்தால் பாவமும் கழுவப்படும்.

ஆனாலும் ஒன்றுக்கு ஈவை நான் மெச்சுவேன்: அது பொய் சொல்வதில்லை. "உன்னைக் காப்பாற்றுவேன்" என்று அது ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை. 2009இல் ஈபேங்க் என்ற வங்கி, விளையாட்டுக்காரர்களே நடத்தியது, அதன் தலைவர் சுமார் 200 பில்லியன் ஐஸ்க்கைச் சுருட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு முற்பணம் கட்டவும் மகனின் வைத்தியச் செலவுக்கும் அதை நிஜப் பணத்துக்கு விற்றுவிட்டார். அவருடைய கணக்கை முடக்கினார்கள், உண்மைதான். எதற்காக? விளையாட்டுப் பணத்தை நிஜப் பணத்துக்கு விற்றதற்காக. வைப்பாளர்களின் பணத்தைத் திருடியது விதிப்படி குற்றமே இல்லை. அதே காலத்தில் கொழும்பில் நிதி நிறுவனம் கவிழ்ந்து, வயதான மனிதர்கள் வைப்புப் பத்திரங்களோடு வெயிலில் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தெரியாது.

அடுத்தது எலீட் டேஞ்சரஸ். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃபிரன்டியர் நிறுவனத்தின் படைப்பு, 2014 டிசம்பரில் வந்தது. இது ஈவுக்கு நேர் எதிர். சட்டம் சட்டமாகக் குவிந்து கிடக்கும். நிலையத்தின் வாசலில் கப்பலை நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தால், தரித்து நிற்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அறிவிப்பு வரும். வெறும் மிரட்டல் இல்லை, சுட்டே விடுவார்கள். இந்தச் சட்டத்தை ஒரேயொரு மாலை காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் போட்டால் முச்சக்கரவண்டி ஒன்று மிஞ்சாது.

நிலையத்தைச் சுற்றி வேகக் கட்டுப்பாடும் உண்டு, வினாடிக்கு 100 மீற்றர். அதற்கு மேல் போய் யாரையாவது இடித்தால் பிழை உங்களுடையது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம். ஆனால் அது வந்த கையோடு ஒரு கூட்டம் மலிவான, உடைகிற நிலையில் இருக்கும் சிறிய கப்பல்களில் வந்து, அவசரமாக வெளியேறும் பெரிய கப்பல்களுக்கு முன்னால் வேண்டுமென்றே பாயத் தொடங்கியது. சின்னது உடையும், பெரியதை ஓட்டியவர் கொலைகாரர் ஆவார், நிலையத்தின் பீரங்கிகள் அவரைத் தீர்த்துவிடும். செய்தவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆரம்பக் கப்பல் எத்தனை தடவை உடைந்தாலும் இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். மற்றவர் தன் கப்பல் பெறுமதியில் 5 வீதம் கட்டி மீட்கவேண்டும். கப்பல் பெரிதென்றால் பல மணி நேர உழைப்பு.

எந்த மனநிலையில் செய்தான் என்று பார்க்காத சட்டம் இப்படித்தான் போய் முடியும். சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவன் தப்பிக்கொள்வான், தெரியாமல் கால் வைத்தவர் மாட்டுவார். பொலிஸ் கப்பலில் ஒரு குண்டு தவறிப் பட்டதற்குத் தேடப்படும் ஆளான புதியவர்கள் எத்தனை பேர்!

2018 பெப்ரவரியில் ஃபிரன்டியர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதுவரை, கொலை செய்துவிட்டு ஆரம்பக் கப்பலுக்கு மாறி, அதில் செத்துக் காட்டினால் கணக்குத் தீர்ந்துவிடும். இனிக் குற்றம் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். கொலை செய்தால் 'நொட்டோரியட்டி' என்ற கெட்டபெயர் எண் ஏறும், உச்சம் 10. அந்த எண் பூச்சியத்துக்கு வரும்வரை காசு கட்டி வழக்கை முடிக்க முடியாது. 2 மணி நேரத்துக்கு ஒன்று இறங்கும். விளையாட்டுக்குள் இருந்தால்தான் இறங்கும்; கணினியை மூடிவிட்டுத் தூங்கினால் இறங்காது.

நான் பார்த்ததில் நல்ல யோசனை இதுதான். காசால் தீராதது நேரம் என்று யாரோ ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். ஆனால் நம்மவர்கள் விடுவார்களா? கப்பலை ஒரு நிலையத்துக்குள் நிறுத்தி, கணினியை விடிய விடிய ஓடவிட்டுவிட்டு நித்திரைக்குப் போகிறார்கள். 10 எண்ணும் இறங்க 20 மணி நேரம். இங்கிலாந்தில் இருப்பவனுக்கு அது சில்லறை. 2022 ஓகஸ்ட்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறிய ஊரில், கிராபிக்ஸ் கார்ட் முழு மூச்சில் சுற்ற ஒரு இரவைக் கழிப்பது வேறு விஷயம். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் இப்படித் தண்டனை அனுபவித்தான். மின்பட்டியலைப் பார்த்த அவனுடைய அம்மா கொடுத்த தீர்ப்பு எந்த விண்வெளிப் பொலிஸும் கொடுக்காதது.

பகிடி இருக்கட்டும். ஒரே தண்டனை எல்லாருக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை. வீதியில் பொலிஸ் மறித்துத் துண்டு எழுதினால், தபாலகத்தில் கட்டவேண்டிய தொகை ஜீப்காரருக்கும் முச்சக்கரவண்டிக்காரருக்கும் ஒன்றுதான். முன்னவருக்கு அது மதியச் சாப்பாட்டுக் காசு, பின்னவருக்கு ஒரு நாள் உழைப்பு. நம் நாட்டுச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள். பின்லாந்தில் அபராதத்தை வருமானத்தோடு கட்டி வைத்திருக்கிறார்கள். 2002இல் நோக்கியாவின் உயரதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ விதித்தார்கள். பிறகு மேன்முறையீட்டில் அது குறைந்தது, அது வேறு கதை. நிஜ உலகில் ஒருவனின் சொத்தை எண்ணுவதுதான் கஷ்டம். விளையாட்டிலோ எவனிடம் எத்தனை கப்பல், எவ்வளவு காசு என்று சேவரில் கடைசிச் சதம் வரை பதிவாகி இருக்கிறது. ஆனாலும் பில்லியனருக்கும் நேற்று வந்தவருக்கும் ஒரே விலைப்பட்டியல். இது செய்ய முடியாத காரியம் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

பறிகொடுத்தவரைப் பற்றியும் பேசவேண்டும். கொன்கோர்ட் கற்றலிஸ்டுகளைப் பொடியாக்கியதில் சரக்குக் கப்பல்காரருக்கு ஒரு சதமும் திரும்பி வராது. அவருக்குக் கிடைப்பது கொலை உரிமை, அதாவது சுட்டவனைப் பொலிஸ் தொல்லையில்லாமல் திருப்பிச் சுடும் அனுமதி, 30 நாள் செல்லும். லொறி ஓட்டியவரைப் பார்த்து, "இனி நீ போய் ரவுடியைத் தேடிப் பிடி" என்கிறார்கள்.

இந்த விஷயத்தில் ஒரு நல்ல காரியத்தைச் செய்தது, இன்னும் முழுதாக வெளிவராத ஸ்டார் சிட்டிசன்தான். அதில் ஜெயிலே இருக்கிறது: அபர்டீன் என்ற சந்திரனில் க்லெஷர் சிறை, 2020இல் வந்தது. பிடிபட்டால் சிறை உடுப்போடு கண் விழிப்பீர்கள். குகைக்குள் இறங்கிக் கல் உடைத்தால் தண்டனைக் காலம் குறையும். துணிச்சல் இருந்தால் தப்பி ஓடவும் வழியுண்டு. ஜெயிலைத்தான் எல்லாரும் கதைப்பார்கள், எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு சின்னக் கேள்வி. உங்களை ஒருவன் கொன்றால், முறைப்பாடு செய்கிறீர்களா இல்லையா என்று திரையில் கேட்கும். இறங்குதளத்தில் தடுமாறி வந்து இடித்தவனா, விட்டுவிடலாம். வேண்டுமென்றே சுட்டவனா, உள்ளே போகட்டும். நோக்கத்தை எந்த மென்பொருளாலும் அளக்க முடியாது, செத்தவருக்குத் தெரியும். அந்த ஒரு பொத்தான், நான் மேலே சொன்ன வேகக்கட்டுப்பாட்டுக் கூத்தில் பாதியையாவது தவிர்த்திருக்கும். கோபத்தில் எல்லாரையும் உள்ளே தள்ளுகிற ஆட்களும் இருப்பார்கள், இருக்கட்டும்.

நோக்கம் என்றதும் 2022 ஞாபகம் வருகிறது. எலீட்டில் சண்டை நடுவே இணைப்பைத் துண்டித்துவிட்டு மறைவது பெரிய இழுக்கு. மெனுவால் முறையாக வெளியேறினால் 15 வினாடி காத்திருக்கவேண்டும். வயரைப் பிடுங்கினால் கப்பல் உடனே மாயமாகிவிடும், அது ஏமாற்று. அந்த மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. எங்கள் பகுதி மின்வெட்டில் எந்த எழுத்துக் குழு, எத்தனை மணிக்கு என்று அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடினோம். அட்டவணையை மின்சாரம் மதித்தால்தானே! நான் சேர்ந்து விளையாடிய ஒரு பையன் சண்டை நடுவே காணாமல் போனான். எதிராளி வீடியோவோடு முறைப்பாடு எழுதிவிட்டார், குழுவிலிருந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். மின்வெட்டு அட்டவணையின் படத்தை நான் அனுப்பினேன். "ஒரு தலைநகரத்தில் 13 மணி நேரமா?" என்று சிரிப்புப் படம் போட்டுப் பதில் வந்தது. அவன் பிறகு சேரவில்லை.

"பயமென்றால் தனியாள் முறையில் விளையாடு" என்பது வழக்கமான பதில். எலீட்டில் அது இருக்கிறது, யாரும் உங்களைத் தொடமுடியாது. ஆனால் நாங்கள் மாதக் கணக்கில் காத்திருந்து இணையம் போட்டது, அடுத்த கண்டத்தில் இருக்கிறவனோடு சேர்ந்து பறக்கத்தான்.

ஈவில் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் தடவை கொள்ளை அடிக்கிறவனை இப்போது போலவே விடுங்கள். நூறாவது தடவை வருகிறவனுக்குப் பொலிஸ் முன்கூட்டியே வரட்டும், அவனுடைய பெட்டகத்திலிருந்து ஒரு பங்கு பறிகொடுத்தவருக்குப் போகட்டும். 2008 முதல் விளையாட்டுக்காரர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் ஒரு பேரவை ஈவுக்கு இருக்கிறது, அங்கே இதை யாராவது எடுக்கலாம். எடுத்தாலும் சிசிபி கேட்கும் என்று நான் நம்பவில்லை. 2022 மேயில் மாதச் சந்தாவை 14.95 டொலரிலிருந்து 19.99 ஆக்கினார்கள், நம் ரூபாய் பாதாளத்தில் விழுந்த அதே வசந்தத்தில். சரக்குக் கப்பல்காரர் கட்டுவது ஒரு சந்தா. கற்றலிஸ்ட் கூட்டத்தில் ஒரே ஆள் பத்துக் கணக்கு வைத்திருப்பான்.