தடுப்பூசியில் 'ஒளிரும் ஆர்என்ஏ' இல்லை, ஃபார்வர்ட் செய்யாதீர்கள்

எம்ஆர்என்ஏ (புரதம் செய்யும் குறிப்பைச் செல்லுக்குத் தரும் ஆர்என்ஏ மூலக்கூறு) கொரோனா தடுப்பூசியில் ஒளிரும் ஆர்என்ஏ சென்சார், அதாவது ஒரு பொருள் இருந்தால் ஒளிர்ந்து காட்டும் உணரி இருக்கிறதாம், அது மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் படித்து நம் எண்ணங்களை வெளியே அனுப்புகிறதாம். இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஒளிரும் ஆர்என்ஏ நிஜம்தான். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் சேமி ஜாஃப்ரி குழு உருவாக்கிய 'ஸ்பினாச்' என்ற ஒளிரும் ஆர்என்ஏ 2011-ல் சயன்ஸ் இதழில் வெளியானது. ஆனால் அது தானாக ஒளிராது. டிஎஃப்ஹெச்பிஐ என்ற சாயத்தைச் செல்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், அந்தச் சாயம் ஆர்என்ஏவின் மடிப்புக்குள் போய் உட்கார வேண்டும், அப்புறம் நீல ஒளி பாய்ச்சினால்தான் பச்சையாகத் தெரியும், அதுவும் மைக்ரோஸ்கோப்பில். சென்சார் வேண்டுமென்றால், குறிப்பிட்ட மூலக்கூறு வந்து ஒட்டினால் மட்டும் மடிப்பு சரியாக அமையும்படி இன்னொரு ஆர்என்ஏ துண்டைச் சேர்ப்பார்கள். இதில் எங்கேயும் ரேடியோ சிக்னல் கிடையாது.

டோபமைனைப் பார்க்க 2018-ல் வந்த 'டிலைட்' என்ற சென்சார் ஆர்என்ஏவே அல்ல, புரதம். அதை எலி மூளையில் பார்க்கவே ஒளியிழை செருக வேண்டும், இல்லையென்றால் மண்டையில் கண்ணாடி ஜன்னல் பொருத்த வேண்டும். அப்போதும் தெரிவது டோபமைன் ஏறி இறங்குவதுதான், எண்ணம் அல்ல.

சரி, ஊசியில் என்னதான் இருக்கிறது? ஃபைசர் ஊசியில் கொரோனா வைரஸின் மேலே முள் போல இருக்கும் ஸ்பைக் புரதத்துக்கான எம்ஆர்என்ஏ, நான்கு வகைக் கொழுப்புப் பொருள்கள், சர்க்கரை, அமிலத்தன்மையைச் சீராக வைக்கும் உப்பு போன்ற பொருள்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தளத்தில் பட்டியல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுப் பெரியவர்கள் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்துப் பயப்படுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் தவறு என்று சொல்லிவிடுங்கள்.